நன்றியும் நடைமுறை அறிவும்

கேள்வி: 'இருப்பதை நினைத்து நன்றியோடு இரு' என்று வீட்டில் அடிக்கடி சொல்கிறார்கள். கூரை ஒழுகும்போதும் நன்றி சொல்லிக்கொண்டிருந்தால் நடைமுறை அறிவு எதற்கு?

பதில்: முதலில் கூரையை அடைத்துவிடுங்கள், குறையைக் கண்டும் காணாமல் இருப்பது நன்றியுணர்வு ஆகாது. பழகிப்போன நன்மையை மனம் கணக்கில் எடுப்பதில்லை என்பதுதான் உண்மையான சிக்கல்: பல்வலியில் புரளும் இரவில் வலியில்லாத ஒரு மணி நேரத்துக்காக ஏங்கும் நாம், வலி நின்ற சில நாட்களிலேயே அதை அடியோடு மறந்துவிடுகிறோம். அமெரிக்க உளவியலாளர்கள் ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ ஆகியோர் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், வாரம் ஒருமுறை என 10 வாரங்கள், நன்றிக்குரியவற்றை ஐந்து வரை எழுதிவந்த மாணவர்கள், அன்றாடத் தொல்லைகளைப் பட்டியலிட்டவர்களைவிடத் தம் வாழ்க்கையைக் குறித்து மனநிறைவோடு இருந்தார்கள். நீங்களும் எழுதிப் பாருங்கள். ஆனால் 'குடும்பம்', 'உடல்நலம்' என்று பொத்தாம்பொதுவாக எழுதாமல், காய்ச்சலில் கிடந்தபோது நள்ளிரவில் எழுந்து வந்து உங்கள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தவர் யார் என்று எழுதுங்கள், முடிந்தால் அவரிடமே சொல்லுங்கள். ஒன்றை மட்டும் அழுத்தமாகச் சொல்லிவிடுகிறேன்: உங்களுக்கு இழைக்கப்படும் அநீதியைப் பொறுத்துக்கொள்ளச் செய்வதற்காக எவரேனும் நன்றியை நினைவூட்டினால், அதற்கு நீங்கள் இணங்க வேண்டியதில்லை.