வளாக வைஃபையில் சொந்த பிரிண்டரை இணைக்க முடியுமா?

மடிக்கணினியும் கைப்பேசியும் பல்கலைக்கழகத்தின் எஜுரோம் (பல கல்வி நிறுவனங்கள் பகிர்ந்துகொள்ளும் உள்நுழைவு ஏற்பாடு) வைஃபையில் சிக்கலின்றி இணைகின்றன, விடுதி அறைக்கு வாங்கிய இங்க்ஜெட் பிரிண்டர் மட்டும் பயனர் பெயரைக் கேட்காமல் கடவுச்சொல்லை மட்டுமே கேட்டுவிட்டுத் தோற்றுப்போகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். பிரிண்டரில் பழுது எதுவும் இல்லை. வீட்டு உபயோகத்துக்காகத் தயாரிக்கப்பட்ட பிரிண்டர்களில் பெரும்பாலானவற்றை அந்த வைஃபையில் இணைக்கவே முடியாது. வளாக வலையமைப்புப் பணியில் இருப்பவன் என்ற முறையில், அதன் காரணத்தையும் மாற்று வழிகளையும் சொல்கிறேன்.

வீட்டு வைஃபையில் எல்லாக் கருவிகளுக்கும் ஒரே கடவுச்சொல்தான். 8 முதல் 63 எழுத்துகளுக்குள் அமையும் அதைத் தெரிந்த எவரும் உள்ளே வரலாம். வளாகத்தில் இருப்பது நிறுவனங்களுக்கான வைஃபை பாதுகாப்பு முறையான டபிள்யூபிஏ2 எண்டர்பிரைஸ் அல்லது அதன் அடுத்த பதிப்பு. அங்கே 802.1எக்ஸ் என்னும் நெறிமுறையின்படி, உங்கள் பெயரையும் கடவுச்சொல்லையும் பயனர்களைச் சரிபார்க்கும் கணினியான ரேடியஸ் சர்வர் சரிபார்த்து ஒப்புதல் தரும்வரை, வைஃபை சிக்னலைத் தரும் பெட்டியான ஆக்சஸ் பாயிண்ட் வேறு எந்தத் தரவையும் உள்ளே அனுமதிப்பதில்லை. ஐரோப்பாவில் தொடங்கி இன்று இந்தியாவில் கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்கான வலையமைப்பை நடத்தும் எர்நெட் அமைப்பால் நிர்வகிக்கப்படும் எஜுரோமில், வேறொரு பல்கலைக்கழகத்தில் இருந்து வருபவரின் பெயரைக்கூட அவரவர் சொந்த நிறுவனத்தின் சர்வரே சரிபார்க்கிறது. சர்வருடன் இந்தச் சரிபார்ப்பு உரையாடலை நடத்துவதற்கான மென்பொருள் கருவிக்குள்ளேயே இருக்க வேண்டும். மலிவு விலைப் பிரிண்டர்களில் அது வைக்கப்படுவதில்லை. அமைப்புகளில் எதை மாற்றினாலும் அது வந்துவிடாது. வாங்குவதற்கு முன் விவரத்தாளில் 802.1எக்ஸ் என்றோ எண்டர்பிரைஸ் என்றோ குறிப்பிடப்பட்டிருக்கிறதா, அது கம்பிவழி இணைப்புக்கு மட்டுமா, வைஃபைக்கும் சேர்த்தா என்பதைப் பார்த்துவிடுவது நல்லது.

அலுவலக வகை லேசர் பிரிண்டர்கள் பலவற்றில் அந்த வசதி உண்டு. பிரிண்டரின் ஐபி முகவரியைப் பிரௌசரில் இட்டால் திறக்கும் நிர்வாகப் பக்கத்தில் வலையமைப்புப் பகுதிக்குள் அது இருக்கும். அங்கே வளாகம் பயன்படுத்தும் முறையைத் தேர்ந்தெடுத்து, சர்வரின் சான்றிதழை வழங்கிய அமைப்பின் ரூட் சான்றிதழையும் (சர்வர் போலியல்ல என்று பிரிண்டர் அறிய உதவும் கோப்பு) ஏற்ற வேண்டும். பலரும் கவனிக்காத ஒன்று பிரிண்டரின் கடிகாரம். தேதி பல ஆண்டுகள் பின்தங்கி இருந்தால், சர்வர் காட்டும் சான்றிதழ் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை என்று கருதிப் பிரிண்டர் இணைப்பை மறுத்துவிடும். திரையிலோ பொதுவான ஒரு பிழைச்செய்தி மட்டும் தெரியும்.

உங்கள் பிரிண்டரில் அந்த வசதி இருந்தாலும், உங்கள் சொந்தப் பெயரையும் கடவுச்சொல்லையும் அதில் பதிய வேண்டாம் என்றே கேட்டுக்கொள்வேன். பெரும்பாலான வளாகங்களில் மின்னஞ்சலையும் தேர்வு முடிவுகளையும் திறக்கும் கடவுச்சொல் அதுவேதான். சான்றிதழைச் சரிபார்க்காமல் இணையும்படி பிரிண்டரை அமைத்துவிட்டால், அதே பெயரில் போலி ஆக்சஸ் பாயிண்ட் வைப்பவரிடமும் அது உள்நுழைய முயலும். அந்த முயற்சியில் இருந்தே கடவுச்சொல்லை மீட்டெடுக்கும் கருவிகள் புழக்கத்தில் இருக்கின்றன. இன்னொரு தொல்லையும் உண்டு. நீங்கள் கடவுச்சொல்லை மாற்றிய பிறகும் பிரிண்டர் பழையதையே திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருப்பதால், தவறான முயற்சிகளின் எண்ணிக்கை வரம்பைத் தாண்டி உங்கள் கணக்கே பூட்டப்படலாம். காரணம் பிரிண்டர்தான் என்பது யாருக்கும் உடனே தோன்றாது. துறைகளுக்கான பிரிண்டர் என்றால் அதற்கென்றே தனிக் கணக்கையோ சான்றிதழையோ கேட்டுப் பெறுவதே முறை.

இணைந்துவிட்டாலும் அச்சு வரும் என்பதற்கு உறுதியில்லை. மாணவர்களின் கருவிகள் ஒன்றையொன்று தாக்காமல் இருக்க, அவை தங்களுக்குள் பேசுவதையே பல வளாகங்கள் தடுத்து வைத்திருக்கின்றன. மேலும், கைப்பேசியில் இருந்து அச்சிட உதவும் ஏர்பிரிண்ட் போன்ற வசதிகள் பிரிண்டரைத் தேடப் பயன்படுத்தும் எம்டிஎன்எஸ் அறிவிப்புகள் ஒரு சப்நெட்டை (வலையமைப்பின் ஓர் உட்பிரிவு) தாண்டிச் செல்வதில்லை. அதனால் இரண்டு கருவிகளும் வைஃபையில் இருந்தும் கைப்பேசியில் பிரிண்டரின் பெயர் தென்படாமல் போகலாம்.

உங்கள் அறையில் நீங்கள் ஒருவரே பயன்படுத்துவதென்றால் யுஎஸ்பி கேபிளே போதும். இதைவிட நம்பகமான வழி வேறில்லை. சுவரில் ஈதர்நெட் முனை இருந்து, பிரிண்டரிலும் அதற்கான துளை இருந்தால், வலையமைப்பில் அதை அடையாளம் காட்டும் எண்ணான மேக் முகவரியைப் பதிவுசெய்து கம்பிவழி இணைப்பு கேட்கலாம். சில வளாகங்களில் 802.1எக்ஸ் தெரியாத கருவிகளுக்கென்று தனி வைஃபை நடத்தப்படுகிறது. அங்கே ஒவ்வொரு கருவிக்கும் வெவ்வேறு கடவுச்சொல் தரப்படும் என்பதால், ஒன்று கசிந்தால் அதை மட்டும் நீக்கிவிடலாம். விடுதி நிர்வாகங்கள் செய்து தரக்கூடியவற்றில் இதையே சிறந்ததாகக் கருதுகிறேன்; இல்லாத இடங்களில் மாணவர்கள் கூடிக் கேட்க வேண்டும்.

சொந்த ரௌட்டரைச் சுவர் முனையில் செருகுவதைத் தவிர்த்துவிடுங்கள். கேபிளைத் தவறான துளையில் செருகினால் அந்த ரௌட்டரே அக்கம்பக்கத்துக் கருவிகளுக்கு ஐபி முகவரி வழங்கத் தொடங்கி, அந்தப் பகுதியில் பலருடைய இணைப்பையும் முடக்கிவிடக்கூடும். கைப்பேசியையும் பிரிண்டரையும் நேரடியாக இணைக்கும் வைஃபை டைரக்டைப் பொறுத்தவரை, கைப்பேசியில் இருந்து அச்சிடும் நேரத்தில் மட்டும் இயக்கிவிட்டு அணைத்துவிடுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றே இருப்பதால், அறைக்கு ஒரு பிரிண்டர் ஓயாமல் ஒலிபரப்பிக்கொண்டிருந்தால் எல்லோருக்கும் வேகம் குறையும்.

தகவல் தொழில்நுட்பப் பிரிவுக்கு எழுதும்போது பிரிண்டரின் மாடல் எண், மேக் முகவரி, அறை எண், சுவர் முனையில் ஒட்டியிருக்கும் எண், யார் யார் அச்சிடுவார்கள் என்ற விவரம் ஆகியவற்றை முதல் மடலிலேயே தந்துவிடுங்கள். மேக் முகவரி பிரிண்டரின் பின்புற ஒட்டியிலோ, அதுவே அச்சிட்டுத் தரும் வலையமைப்பு அறிக்கையிலோ இருக்கும். வைஃபைக்கும் ஈதர்நெட்டுக்கும் அது வேறுபடும் என்பதால், எந்த இணைப்பைக் கேட்கிறீர்களோ அதற்கு உரியதையே எழுதுங்கள்.