பெட்டகச் சாவி யார் கையில்? (வாசகர் கேள்வி – பதில்)

கேள்வி: தனியார் வங்கியொன்றில் 12 ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறேன். வள்ளியூர்க் கிளைக்கு மேலாளராகப் போகலாம், அல்லது திருநெல்வேலி மண்டல அலுவலகத்தின் மனிதவளப் பிரிவில் சேரலாம் என்று நிர்வாகம் கேட்டிருக்கிறது. சம்பளத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டில் எல்லோரும் மண்டல அலுவலகத்தையே சொல்கிறார்கள். பிற்காலத்தில் உயர் பதவிக்கு வருவதற்கு எது உதவும்?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: உயர் பதவிதான் குறிக்கோள் என்றால் வள்ளியூருக்குப் போங்கள். ஒரு நிறுவனத்தின் தலைமைக்கு ஆள் தேடுகிறவர்கள், இவர் இதுவரை எந்த லாப நட்டத்துக்குப் பொறுப்பேற்றிருக்கிறார் என்றுதான் முதலில் பார்க்கிறார்கள். கிளை, தொழிற்சாலை, விற்பனை, நிதி ஆகியவற்றை நடத்தியவருக்குக் காட்டுவதற்குக் கணக்கு இருக்கும். மனிதவளம், பயிற்சி, விளம்பரம் போன்ற பிரிவுகளில் எவ்வளவு உழைத்தாலும் அது ஆண்டறிக்கையில் தனி வரியாக வருவதில்லை. பெண்களுக்கு இந்தப் பிரிவுகளை ஒதுக்குகிறவர்கள் பெரும்பாலும் நல்லெண்ணத்தோடுதான் ஒதுக்குகிறார்கள்: வெயிலில் அலைய வேண்டாம், இருட்டுவதற்குள் வீடு திரும்பலாம் என்பார்கள். பதினைந்து ஆண்டு கழித்து மண்டல மேலாளர் பதவி காலியாகும்போது, ‘கிளை அனுபவம் இல்லையே’ என்று சொல்கிறவர்களும் அவர்களே.

1977-இல் பாரத ஸ்டேட் வங்கியில் பயிற்சி அதிகாரியாகச் சேர்ந்த அருந்ததி பட்டாச்சார்யா, 2013-இல் அவ்வங்கியின் முதல் பெண் தலைவரானார். இடைப்பட்ட 36 ஆண்டுகளில் அந்நியச் செலாவணி, கருவூலம், சில்லறை வங்கிப் பணி, முதலீட்டு வங்கிப் பணி என்று பல பொறுப்புகளை வகித்தார். மனிதவளப் பொறுப்பும் அவற்றில் ஒன்று. ஆகவே அந்தப் பிரிவை நான் இழிவாகச் சொல்வதாக நினைக்க வேண்டாம். ஆனால் அது மற்றவற்றுக்குப் பதிலாக இல்லாமல், மற்றவற்றோடு சேர்ந்து வந்தது என்பதைக் கவனியுங்கள்.

நான் முதன்முதலில் கிளைப் பொறுப்பேற்றதும் நாங்குநேரிக்குத் தெற்கே ஓர் ஊரில்தான். பெட்டக அறைக்கு இரண்டு சாவிகள். ஒன்று என்னிடம், மற்றொன்று காசாளரிடம். இரண்டும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும். ஒருநாள் ரயில் தாமதமாகி நான் போய்ச் சேர்ந்தபோது, மறுநாள் மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்த ஒரு பெரியவர் அடகு நகையை மீட்கப் பணத்தோடு வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து, “மேனேஜர் எப்பம்மா வருவாவ?” என்று கேட்டார். பதில் சொல்லாமல் கைப்பையிலிருந்து சாவியை எடுத்தேன். மறுநாளிலிருந்து முந்தைய ரயிலைப் பிடிக்கத் தொடங்கினேன்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. ஏற்கெனவே மூழ்கிக்கொண்டிருக்கும் கிளையைப் பெண் அதிகாரியின் தலையில் கட்டிவிட்டு, பிறகு அவரால் முடியவில்லை என்று எழுதுகிற வழக்கமும் இருக்கிறது. எனவே பொறுப்பேற்கும் நாளிலேயே வாராக்கடன் பட்டியலை எழுத்து மூலம் வாங்கிக்கொள்ளுங்கள்; நகைப் பொட்டலங்களை எண்ணி, சிலவற்றையாவது பிரித்து எடை போட்டுப் பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள். வீட்டாரின் கவலை பயணத்தைப் பற்றியது என்றால் நாகர்கோவில் தடத்தின் ரயில் அட்டவணையே பாதி பதில் சொல்லிவிடும். கவலை வேறு எதையோ பற்றியது என்றால் அதற்கு இந்தப் பக்கம் போதாது.

கேள்வி: பெரிய நிறுவனங்களில் பெண் இயக்குநர் கட்டாயம் என்கிறார்கள். அது கணக்குக் காட்டப் போடும் நாற்காலிதானே?
– வாசகர், தென்காசி

பதில்: பாதி உண்மை. 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டம், பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களுக்கும், பங்குதாரர்கள் செலுத்திய மூலதனம் 100 கோடி ரூபாயோ விற்றுமுதல் 300 கோடி ரூபாயோ அதற்கு மேலோ உள்ள பிற பொது நிறுவனங்களுக்கும் ஒரு பெண் இயக்குநரைக் கட்டாயமாக்கியது. உறவினர் கூடாது என்று அது சொல்லவில்லை. முதலாளியின் மனைவியும் மகளும் இயக்குநர்களானார்கள். பிறகு பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபி, சந்தை மதிப்பில் முதல் 500 நிறுவனங்கள் 2019 ஏப்ரலிலிருந்தும், முதல் 1000 நிறுவனங்கள் 2020 ஏப்ரலிலிருந்தும் முதலாளி குடும்பத்தோடு தொடர்பில்லாத, சார்பற்ற பெண் இயக்குநர் ஒருவரை வைத்திருக்க வேண்டும் என்றது. ஆயினும் ஆண்டுக்குச் சில கூட்டங்களுக்கு வந்து போகும் இயக்குநர் வேறு, நாள்தோறும் நிறுவனத்தை நடத்துகிறவர் வேறு.

கேள்வி: எங்களுக்கு அம்பாசமுத்திரம் பக்கத்தில் அரிசி ஆலை இருக்கிறது. எம்.காம். முடித்து ஒன்பது ஆண்டுகளாக அப்பாவோடு ஆலையின் கணக்கு வழக்கைப் பார்த்துக்கொள்கிறேன். தம்பி வெளிநாட்டில் இருக்கிறான். ‘எனக்குப் பிறகு மாப்பிள்ளை பார்த்துக்கொள்வார்’ என்று அப்பா எல்லோரிடமும் சொல்கிறார். என் கணவருக்கு அதில் விருப்பமே இல்லை. என்ன செய்வது?
– வாசகி, கல்லிடைக்குறிச்சி

பதில்: உங்கள் அப்பாவுக்கு நம் சீமையிலிருந்தே ஓர் உதாரணம் சொல்லுங்கள். ஆழ்வார்குறிச்சியைப் பூர்வீகமாகக் கொண்ட அமால்கமேஷன்ஸ் தொழில் குழுமக் குடும்பத்து மகளான மல்லிகா சீனிவாசன், 1986-இல் டாஃபே டிராக்டர் நிறுவனத்தில் சேர்ந்தார். மாப்பிள்ளை வேணு சீனிவாசனோ திருக்குறுங்குடியை வேராகக் கொண்ட டி.வி.எஸ். குடும்பத்தவர், அவருக்கு நடத்தத் தனியே நிறுவனம் இருந்தது. டிராக்டர் நிறுவனத்தை வளர்த்தவர் மகள்தான். 2005-இல் ஐஷரின் டிராக்டர் தொழிலை டாஃபே வாங்கியதும் அவர் தலைமையில்தான்.

அடுத்து, சொத்தையும் நிர்வாகத்தையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் உரிமை என்று தமிழ்நாடு 1989-இலேயே இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தியது. 2005-இல் அது நாடு முழுவதற்கும் வந்தது. அப்பா தாமே சம்பாதித்தது என்றால் உயில் மூலம் யாருக்கும் எழுதலாம். எப்படிப் பார்த்தாலும் சொத்துரிமை உங்களுக்குப் பங்கைத் தருமே தவிர, கொள்முதல் விலையைத் தீர்மானிக்கும் அதிகாரத்தைத் தராது. ஒன்பது ஆண்டு உழைப்பு மட்டும் உங்களைப் பங்குதாரராக்கிவிடாது. அதற்குப் பார்ட்னர்ஷிப் பத்திரத்தில் உங்கள் பெயர் இருக்க வேண்டும்.

நீங்கள் எழுதியதில் கணக்கு இருக்கிறது, நெல் இல்லை. கார், பிசானம் இரண்டு பருவத்திலும் களத்துக்குப் போய், நெல்லைப் பல்லில் கடித்து ஈரம் பார்த்து, தரகரிடம் விலை முடிப்பது இன்னும் அப்பாதானா? அப்படியானால் அடுத்த கொள்முதலுக்கு நீங்கள் போங்கள். விலை தவறினால் அந்த நட்டம் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். அதற்கு முன்பாக அப்பாவை வங்கிக்கு அழைத்துச் சென்று, ஆலையின் சி.சி. கணக்கில் (நடைமுறை மூலதனத்துக்கான கடன் கணக்கு) உங்கள் கையெழுத்தையும் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். செக் புத்தகம் அவர் சட்டைப்பையிலேயே இருக்கட்டும், பரவாயில்லை.