சனிக்கிழமைப் போராட்டம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். மருமகளின் பிரசவத்துக்காக நானும் மனைவியும் செப்டம்பரில் நியூ ஜெர்சி வந்தோம். பகலில் பொழுது போக உங்கள் தளம்தான் துணை.

2025 அக்டோபர் 18 அன்று இங்கே 'நோ கிங்ஸ்' (மன்னர்கள் வேண்டாம்) என்று ஜனாதிபதி டிரம்ப்பை எதிர்த்து நாடு முழுக்கப் போராட்டம் நடந்தது. எங்கள் ஊரிலும் ரோட்டோரம் அட்டைகளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். போகிற கார்கள் ஹாரன் அடித்து ஆதரவு காட்டின. நல்ல கூட்டம்தான். சாயங்காலம் வாக்கிங் போகும்போது பார்த்தால் ஓர் ஆள் இல்லை, தரையில் ஒரு காகிதம்கூட இல்லை. திங்கட்கிழமை எல்லோரும் வேலைக்குப் போய்விட்டார்கள்.

நான் அரசு போக்குவரத்துக் கழகத்தில் 33 வருடம் இருந்தவன். பஸ் நின்றால்தான் கோட்டைக்குக் காது கேட்கும் என்பது எங்கள் அனுபவம். "இத்தனை பேர் ரோட்டுக்கு வருகிறார்களே, ஒரே ஒரு நாள் யாரும் வேலைக்குப் போகாமல் இருந்தால் போதாதா? வசதி வந்ததும் இவர்களுக்குப் பயமும் வந்துவிட்டது" என்று மகனிடம் சொன்னேன். "உங்களுக்கு இந்த ஊர் புரியாதுப்பா" என்று கோபமாக எழுந்து போய்விட்டான். இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை.

நான் சொன்னதில் என்ன தவறு? இவர்கள் ஏன் ஒரு பொது வேலைநிறுத்தம் செய்வதில்லை?

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

முதலில் பிரசவம் நல்லபடியாக நடக்கட்டும்.

நீங்கள் கேட்டதற்குப் பாதி பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. அக்டோபர் 18 என்ன கிழமை? சனி. அதே பெயரில் ஜூன் 14 அன்று நடந்ததும் சனிக்கிழமைதான். 2017இல் டிரம்ப் முதல்முறை பதவியேற்ற மறுநாள் பெண்கள் நடத்திய பிரம்மாண்டமான ஊர்வலம் ஜனவரி 21, அதுவும் சனி. அங்கே கோபப்படவும் லீவு நாள் பார்க்க வேண்டியிருக்கிறது. கிண்டலுக்குச் சொல்லவில்லை. சனிக்கிழமையும் வேலை இருக்கிற கடைச் சிப்பந்திக்கும் நர்ஸுக்கும் அந்த வாய்ப்புகூட இல்லை.

நான் பேங்கில் இருந்தவன். எத்தனையோ ஒருநாள் ஸ்டிரைக்குகளில் கிளை வாசலில் நின்று கோஷம் போட்டிருக்கிறேன். அதற்கு நான் கொடுத்த விலை ஒரு நாள் சம்பளம். மறுநாள் காலை அதே நாற்காலி, அதே லெட்ஜர். மேனேஜர் முறைப்பார், அவ்வளவுதான். உங்களுக்கும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்திருக்கும். நாம் தைரியசாலிகளாக இருந்தோம் என்று இந்த வயதில் எண்ணிக்கொள்வது சுகமாக இருக்கிறது. அந்தத் தைரியத்தில் பாதி, நாற்காலி எங்கேயும் போகாது என்ற நிச்சயத்திலிருந்து வந்தது.

அமெரிக்காவில் அந்த நாற்காலிக்கு நாலு காலும் கிடையாது. 'அட் வில்' என்று ஓர் ஏற்பாடு. ஒப்பந்தமோ யூனியனோ இல்லாத ஊழியரை முதலாளி எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமலேயே அனுப்பிவிடலாம். நிறம், மதம், பால் போன்ற சட்டம் தடுத்த சில காரணங்களுக்காக அனுப்பக் கூடாது, மற்றபடி தடையில்லை. 50 மாநிலங்களில் மொன்டானா ஒன்றுதான் விதிவிலக்கு. சம்பளத்துக்காகவும் வேலை நிலைமைக்காகவும் ஊழியர்கள் சேர்ந்து போராடினால் 1935ஆம் வருடத்துச் சட்டம் ஓரளவு காப்பாற்றும். ஜனாதிபதியைக் கண்டித்து இன்று வேலைக்கு வரவில்லை என்றால் பொதுவாக அந்தக் குடைக்குள் இடம் கிடையாது.

குடைக்குள் இருப்பவர்களும் நனையத்தான் செய்கிறார்கள். சம்பள உயர்வுக்காக ஸ்டிரைக் செய்தவரை டிஸ்மிஸ் செய்யக் கூடாது, ஆனால் அவருடைய இடத்தில் வேறு ஆளை நிரந்தரமாகப் போட்டுக்கொள்ளலாம் என்று 1938இல் அவர்களுடைய உச்ச நீதிமன்றம் வழி காட்டியது. டிஸ்மிஸுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று அந்த ஊர் வக்கீல் ஒருவரைத்தான் கேட்க வேண்டும்.

சரி, வேலை போனால் இன்னொரு வேலை. அப்படித்தானே நாம் நினைப்போம்? இங்கேதான் நீங்கள் போயிருக்கிற காரியம் வருகிறது. அங்கே வேலையோடு சேர்ந்து போவது சம்பளம் மட்டும் இல்லை, ஆஸ்பத்திரியும் போகும். 65 வயதுக்குக் கீழே இருக்கிற அமெரிக்கர்களில் பெரும்பாலோருக்கு மருத்துவ இன்சூரன்ஸ் தங்கள் கம்பெனி வழியாகவோ, கணவன் அல்லது மனைவியின் கம்பெனி வழியாகவோதான் வருகிறது. யாரோ உட்கார்ந்து சதி செய்து கட்டிய ஏற்பாடு என்று சொல்ல மாட்டேன். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் சம்பளத்தை உயர்த்த அரசு கட்டுப்பாடு வைத்தது. ஆள் கிடைக்காத கம்பெனிகள் சம்பளத்துக்குப் பதிலாக இன்சூரன்ஸ் தருகிறேன் என்று ஆசை காட்டின. பிறகு அதற்கு வரிச்சலுகை வந்தது. போருக்குப் பின் ஜனாதிபதி ட்ரூமன் எல்லோருக்கும் அரசே மருத்துவக் காப்பீடு தரும் திட்டத்தைக் கொண்டுவரப் பார்த்தார், நடக்கவில்லை. அரசிடம் கிடைக்காததை யூனியன்கள் முதலாளியிடம் கேட்டு வாங்கின. 1950இல் கார்த் தொழிலாளர் சங்கம் ஜெனரல் மோட்டார்ஸோடு போட்ட ஒப்பந்தத்தில் பென்ஷனும் மருத்துவமும் வந்தபோது அது பெரிய வெற்றி. அந்தக் காலத்தில் நான் அங்கே இருந்திருந்தால் நானும் கை தட்டியிருப்பேன்.

அந்த வெற்றி பிற்காலத்தில் எப்படித் திரும்பியது என்று பாருங்கள். 2019 செப்டம்பரில் அதே ஜெனரல் மோட்டார்ஸில் சுமார் 48,000 பேர் ஸ்டிரைக்கில் இறங்கினார்கள். ஓரிரு நாளில் கம்பெனி அவர்களுடைய மருத்துவ இன்சூரன்ஸுக்குப் பணம் கட்டுவதை நிறுத்தியது. ஆபரேஷனுக்குத் தேதி குறித்திருந்தவர்கள், பிள்ளைக்கு மாதாமாதம் மருந்து வாங்குகிறவர்கள், நிறைமாதக்காரிகள் எல்லாம் அந்த 48,000 குடும்பங்களில் இருக்கத்தானே செய்வார்கள்? ஊரெல்லாம் திட்டியபிறகு கம்பெனி பின்வாங்கியது. ஆனாலும் பெண்டாட்டியின் பிரசவத்துக்கும் தன் ஸ்டிரைக்குக்கும் நடுவே ஒரு கயிறு இருக்கிறது என்பதைப் பார்த்துவிட்டவன் அதை மறப்பானா? இன்னொன்றும் உண்டு. ஸ்டிரைக் செய்வதால் வருமானம் குறைந்தது என்று காட்டி அரசின் உணவு உதவி கேட்டால் கிடைக்காது, 1981இல் அதற்கும் சட்டம் போட்டுவிட்டார்கள்.

எனக்குப் பயத்தைவிட முக்கியமாகப் படுவது வேறொரு விஷயம். பொது வேலைநிறுத்தம் என்றால் என்ன? நெசவாளிக்காகப் பஸ்காரர் நிற்பது, டீச்சருக்காகத் துறைமுகத் தொழிலாளி நிற்பது. அடுத்தவன் கோரிக்கைக்காக நான் வேலையை நிறுத்துகிற அந்தச் செயலையே அமெரிக்கச் சட்டம் குறிபார்த்து அடித்திருக்கிறது.

அவர்களுக்கு அது தெரியாத வித்தை இல்லை. 1919இல் சியாட்டில் நகரத்தில் 65,000 பேர் வேலையை நிறுத்தினார்கள். 1934இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்தது. கடைசியாக ஒரு நகரமே நின்றது 1946 டிசம்பரில், ஓக்லண்டில். எனக்குப் பிடித்த கதை இது. கான்ஸ், ஹேஸ்டிங்ஸ் என்று இரண்டு பெரிய துணிக்கடைகள். அங்கே வேலை பார்த்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். எங்கள் யூனியனை ஒப்புக்கொள் என்று கேட்டு வாரக்கணக்கில் வாசலில் நின்றார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் போலீஸ் அந்தத் தெருக்களை மறித்து, காவல் போட்டு, சரக்கு லாரிகளைக் கடைக்குள் விட்டது. அந்த வழியாக வந்த டிராம் டிரைவர்கள் இதைப் பார்த்தார்கள். வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டு இறங்கிவிட்டார்கள். உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

டிசம்பர் 3ஆம் தேதி ஊரே நின்றது. சுமார் ஒரு லட்சம் பேர். மருந்துக்கடை, மளிகைக்கடை திறந்திருக்கலாம் என்றார்கள். மதுக்கடைகளில் பீர் மட்டும் விற்கலாம், பாட்டுப் பெட்டியைத் தூக்கி நடைபாதையில் வைத்துப் பாட விட வேண்டும். ஜனங்கள் தெருவில் ஜோடி ஜோடியாக நடனம் ஆடினார்கள். இரண்டு நாளும் சொச்சமும் நீடித்தது. அப்புறம் யூனியன் தலைவர்கள் நகர நிர்வாகத்தோடு பேசி முடித்துக்கொண்டார்கள். எந்தப் பெண்களுக்காக ஊர் நின்றதோ, அவர்கள் கேட்டது அன்றைக்குக் கிடைக்கவில்லை.

அந்த 1946இல் நாடு முழுக்க 46 லட்சம் தொழிலாளர்கள் ஏதாவது ஒரு ஸ்டிரைக்கில் இருந்தார்கள். முதலாளிகள் அரண்டுபோனார்கள். அடுத்த ஜூனில் டாஃப்ட்-ஹார்ட்லி சட்டம் வந்தது. ட்ரூமன் கையெழுத்துப் போட மறுத்தும் நாடாளுமன்றம் அவரை மீறி நிறைவேற்றியது. தகராறில் சம்பந்தப்படாத ஒரு முதலாளியின் தொழிலை நிறுத்தி அடுத்த முதலாளிக்கு நெருக்கடி கொடுப்பது சட்டவிரோதம் என்றது. மீறினால் யூனியன் மீது நஷ்டஈட்டு வழக்குப் போடலாம். அதாவது, அந்த டிராம் டிரைவர்கள் செய்த காரியத்தை இன்று ஒரு யூனியன் செய்யச் சொன்னால் அதன் கஜானாவே காலியாகலாம். இதற்கு மேல் பெரும்பாலான ஒப்பந்தங்களில், ஒப்பந்தக் காலம் முடியும்வரை ஸ்டிரைக் செய்ய மாட்டோம் என்று யூனியனே எழுதிக் கொடுத்திருக்கும். அந்த யூனியனிலும் இன்று 100 தொழிலாளர்களில் பத்துப் பேர்தான் இருக்கிறார்கள். தனியார் துறையில் ஆறு. 1950களில் மூன்றில் ஒருவர் இருந்தார்.

அரசு ஊழியர் கதை நமக்குப் பழக்கமானது. 1981 ஆகஸ்டில் விமானக் கட்டுப்பாட்டு ஊழியர்கள் ஸ்டிரைக் செய்தார்கள். முந்தைய வருடத் தேர்தலில் ரீகனை ஆதரித்த சங்கம் அது என்பது தனி வேடிக்கை. ஜனாதிபதியாகிவிட்ட ரீகன் 48 மணி நேரம் கெடு கொடுத்தார், திரும்பாத 11,000க்கும் மேற்பட்டவர்களை வீட்டுக்கு அனுப்பினார். 2003 ஜூலையில் ஜெயலலிதா அரசு சுமார் 1.7 லட்சம் பேரை ஒரே வீச்சில் நீக்கியது உங்களுக்கு நினைவிருக்கும். அரசு ஊழியருக்கு ஸ்டிரைக் செய்யத் தார்மீக உரிமைகூட இல்லை என்று நம் உச்ச நீதிமன்றமே சொன்னது. பிறகு நடந்ததுதான் வேறு. இங்கே பெரும்பாலோர் சீக்கிரமே திரும்ப எடுக்கப்பட்டார்கள், அடுத்த வருடம் நாடாளுமன்றத் தேர்தலில் 39 தொகுதிகளும் கைவிட்டுப் போயின. அங்கே ரீகன் 1984இல் 49 மாநிலங்களில் ஜெயித்தார். நீக்கப்பட்டவர்கள் பழைய வேலைக்கு விண்ணப்பம் போடவே 1993வரை தடை இருந்தது.

இதனால் நம் ஊர் பந்த்தை நான் தூக்கிவைத்துப் பேசுவதாக எண்ண வேண்டாம். கல் விழும் என்று கடையை மூடுவதும் இங்கே ஆதரவுக் கணக்கில்தான் சேர்கிறது. சித்தாள் வேலைக்குப் போகிற பெண்ணுக்கு அன்றைய கூலி போகிறது, அவளை யாரும் கேட்பதில்லை. பந்த் கூடாது என்று 1997இல் கேரள உயர் நீதிமன்றம் சொன்னதும் ஹர்த்தால் என்று பெயரை மாற்றிக்கொண்ட கெட்டிக்காரர்கள் நாம்.

உங்களோடு ஓர் இடத்தில் ஒத்துப்போகிறேன். கயிறு இருக்கிறது என்பதால் அறுக்கவே முடியாது என்று ஆகிவிடாது. 2018இல் மேற்கு வர்ஜீனியாவில் ஆசிரியர்களுக்கு ஸ்டிரைக் உரிமை கிடையாது. சம்பளமும் குறைவு. இன்சூரன்ஸ் செலவை ஏற்றப் போகிறோம் என்று அரசு சொன்னதும் கிளம்பினார்கள். 55 கவுண்டிகளிலும் பள்ளிகள் மூடின, ஒன்பது பள்ளி நாட்கள். மதிய உணவுக்குப் பள்ளியை நம்பியிருக்கிற பிள்ளைகளுக்காகச் சாப்பாட்டுப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டுப் போராட்டத்துக்குப் போனார்கள். தலைவர்கள் நடுவில் பேசி முடித்ததாக அறிவித்தபோதும் திரும்பவில்லை. ஐந்து சதவீத உயர்வு வந்தது, அவர்களுக்கு மட்டுமில்லாமல் மாநில அரசு ஊழியர்கள் எல்லோருக்கும். எந்த இன்சூரன்ஸ் மற்றவர்களை வீட்டில் உட்கார வைக்கிறதோ, அதுவே இவர்களைத் தெருவுக்குக் கொண்டுவந்தது.

சட்டத்துக்குள்ளேயே ஒரு சந்தும் கண்டுபிடித்திருக்கிறார்கள். கார்த் தொழிலாளர் சங்கம் 2023 ஸ்டிரைக்குக்குப் பின் போட்ட ஒப்பந்தங்கள் 2028 ஏப்ரல் 30 அன்று முடிகின்றன. நீங்களும் அதே நாளில் முடிகிறமாதிரி ஒப்பந்தம் போடுங்கள் என்று அதன் தலைவர் ஷான் ஃபெயின் மற்ற சங்கங்களைக் கேட்டிருக்கிறார். எல்லோருடைய ஒப்பந்தமும் ஒரே நாளில் முடிந்தால் யாரும் யாருக்காகவும் நிற்க வேண்டாம், அவரவர் தகராறுக்காகவே மறுநாள் எல்லோரும் நிற்கலாம். மறுநாள் மே 1. சிகாகோ தொழிலாளர்கள் உலகத்துக்குக் கொடுத்த அந்த நாள் அமெரிக்காவில் இன்றும் லீவு இல்லை. எத்தனை சங்கங்கள் சேரும் என்பதில் எனக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது, ஆனாலும் யோசனை பிடித்திருக்கிறது.

உங்கள் மகன் விஷயத்துக்கு வருகிறேன். அவர் எந்த விசாவில் இருக்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை. எச்-1பி வேலை விசா என்றால், வேலை போன நாளிலிருந்து அதிகபட்சம் 60 நாள். அதற்குள் வேறு கம்பெனி எடுக்க வேண்டும், அல்லது வேறு விசா வழி பார்க்க வேண்டும், இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டும். நிறைமாத மனைவியை வைத்துக்கொண்டிருக்கிறவரிடம் போய் "பயம் வந்துவிட்டது" என்று சொல்லியிருக்கிறீர்கள். அவர் இரண்டு நாள்தான் பேசாமல் இருந்தார் என்பதே எனக்கு ஆச்சரியம்.

பேரப்பிள்ளை பிறந்து சில வாரங்களில் இன்சூரன்ஸ் கம்பெனியிடமிருந்து ஒரு கணக்கு வரும். ஆஸ்பத்திரி கேட்டது இவ்வளவு, நாங்கள் கட்டியது இவ்வளவு, நீங்கள் கட்ட வேண்டியது இவ்வளவு என்று மூன்று தொகை அதில் இருக்கும். மகனிடம் கேட்டு வாங்கிப் பாருங்கள். முதல் தொகையை நம் ஊர் ரூபாய்க்கு மாற்றிவிட்டு எனக்கு எழுதுங்கள்.