கிளி கடிதலும் கிளி கடித்தலும்

வணக்கம் ஐயா,

பன்னிரண்டு நாட்களுக்கு முன் எங்கள் வீட்டுக்கு ஒரு காக்கட்டீல் (கொண்டையுள்ள சிறு கிளி) குஞ்சு வந்தது. வயது மூன்று மாதம் என்றார்கள். வந்ததிலிருந்து கூண்டின் பின்மூலையை விட்டு நகரவில்லை. கையை உள்ளே விட்டால் சீறுகிறது. பறவை வளர்த்த அனுபவமுள்ள ஒரு நண்பர், “துண்டால் மூடிப் பிடியுங்கள், அடங்கும்வரை விடாதீர்கள், மூன்றே நாளில் பழகிவிடும்” என்றார். அப்படியே செய்தோம். முதல் இரண்டு நாள் கத்திக் கடித்தது, மகன் விரலில் ரத்தம் வந்தது. மூன்றாம் நாள் கையில் அசையாமல் இருந்தது. பழகிவிட்டது என்று எல்லோருக்கும் சந்தோஷம். மறுநாளிலிருந்து நான் அறைக்குள் நுழைந்தாலே நடுங்குகிறது. எங்கள் எதிரில் சாப்பிடுவதே இல்லை. இறக்கையை வெட்டிவிட்டால் சரியாகும் என்று இப்போது அதே நண்பர் சொல்கிறார். கெடுத்துவிட்டோமா? எத்தனை நாளில் கைக்கு வரும்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

முதலில் அவசரமானது. நீங்கள் இல்லாதபோதாவது அது சாப்பிடுகிறதா என்று பாருங்கள். கிண்ணம் நிறைந்திருக்கிறதே என்று ஏமாறவேண்டாம், மேலே கிடப்பது வெறும் உமியாக இருக்கலாம். ஊதிப் பார்த்தால் தெரிந்துவிடும். எச்சம் வழக்கம்போல் விழுகிறதா என்றும் கவனியுங்கள். உமியும் இல்லை, எச்சமும் குறைந்துவிட்டது, பகலிலும் உடம்பை உப்பிக்கொண்டு கூண்டின் தரையில் உட்கார்ந்திருக்கிறது என்றால் இந்தப் பதிலை மேலே படிக்காமல் பறவை மருத்துவரிடம் கிளம்புங்கள். பறவைகள் நோயைக் கடைசிவரை மறைக்கும். இவ்வளவு சிறிய உடல் பட்டினியை அதிக நேரம் தாங்காது.

சாப்பிடுகிறது என்றே வைத்துக்கொண்டு பேசுகிறேன்.

அந்த மூன்றாம் நாள்தான் என்னை உறுத்துகிறது. கத்தியது, கடித்தது, எதற்கும் பிடி தளரவில்லை. இனி என்ன செய்தும் பயனில்லை என்று அது கண்டுகொண்ட நாள் அது. பருந்தின் காலில் சிக்கிய உயிரும் ஒரு கட்டத்தில் அப்படித்தான் அசையாமல் போகும். உங்களைக் குற்றம் சொல்ல எனக்குத் தகுதியில்லை. என் முதல் பறவையை நானும் இதேபோல் ‘அடக்கி’, வந்தவர்களிடமெல்லாம் பெருமையாகக் காட்டியவன். பிறகு அது தானாக என் விரலில் ஏற எட்டு மாதம் ஆயிற்று.

சங்கப் பாட்டில் ‘கிளி கடிதல்’ என்றால் தினைப்புனத்தில் கிளி விரட்டுவது. தழல், தட்டை, குளிர் என்று அதற்கென்றே ஓசைக்கருவிகள் வைத்திருந்தார்கள். உங்கள் வீட்டில் கடிதலும் நடந்திருக்கிறது, கடித்தலும் நடந்திருக்கிறது. இனி அதே தினையை வைத்துத்தான் சமாதானம் பேசவேண்டும்.

காக்கட்டீலின் பூர்வீகம் ஆஸ்திரேலியாவின் வறண்ட வெளிகள். கூட்டமாகத் தரையில் இறங்கி விதை பொறுக்கும். ஆபத்து பெரும்பாலும் வானத்திலிருந்து வரும், ஆகவே மேலிருந்து இறங்கும் எதுவும் அதற்குப் பருந்துதான், உங்கள் அன்பான கையும் சேர்த்து. நேருக்கு நேர் உற்றுப் பார்ப்பதும் வேட்டைக்காரன் பார்வை. பக்கவாட்டில் திரும்பி உட்காருங்கள்.

கொண்டையைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். விறைத்து நிமிர்ந்தால் திடுக்கிட்டிருக்கிறது. தலையோடு படிந்து, வாய் திறந்து சீறினால் பயம் முற்றிவிட்டது. பாதி சாய்ந்து தளர்ந்திருந்தால் நிம்மதி. இறகுகளை உடலோடு இறுக்கி ஒல்லியாக நிற்பது, எதிர்ப்பக்கம் சாய்வது எல்லாம் ‘வராதே’ என்பதன் வேறுவேறு வடிவங்கள். கடிப்பது இந்தப் பட்டியலில் கடைசி. முன்னால் சொன்ன எதையும் நாம் காதில் வாங்காததால்தான் அது அங்கே வந்து சேர்கிறது.

இனி நீங்கள் செய்யவேண்டியது, அது ‘வராதே’ என்றால் நிற்பது. கதவருகிலிருந்து மெதுவாக நடந்து வாருங்கள். கொண்டை நிமிரும் இடத்தில் நின்று, ஓரடி பின்வாங்குங்கள். கொண்டை தளர்ந்ததும் திரும்பிப் போய்விடுங்கள். நாலைந்து நாளில் அந்த எல்லைக்கோடு கூண்டை நோக்கி நகர்ந்திருப்பதைக் காண்பீர்கள். ‘நான் கொண்டையைத் தூக்கினால் இந்தப் பெரிய விலங்கு நகர்கிறது’ என்று தெரிந்துகொண்ட பறவைக்குச் சீறவேண்டிய தேவையே குறைந்துவிடும். இவ்வளவு இடம் கொடுத்தால் தலைமேல் ஏறிக்கொள்ளாதா என்று உங்கள் நண்பர் கேட்பார். அது தலைமேல் ஏறி உட்காரும் நாளில் நீங்கள்தான் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்புவீர்கள்.

கூண்டருகே உட்கார முடிந்ததும் தினைக்கதிர். கிண்ணத்தில் அதைப் போடாதீர்கள், உங்கள் கையிலிருந்து மட்டுமே கிடைக்கவேண்டும். அதற்காக வழக்கமான உணவை நிறுத்திப் பசிக்க வைப்பது கூடாது. நீளமான கதிராக எடுத்து நுனியை மட்டும் கம்பிவழியே நீட்டுங்கள். வாங்காவிட்டால் அங்கேயே செருகிவிட்டு நகர்ந்துவிடுங்கள். வாங்கத் தொடங்கிய பிறகு, சில நாளுக்கு ஒருமுறை கதிரைக் கொஞ்சம் குட்டையாகப் பிடியுங்கள்.

கதிர் தீர்ந்து விரல் மட்டும் மிஞ்சும்போது, விரலைக் கீழிருந்து, கால்களுக்குச் சற்று மேலே வயிற்றருகில் காட்டுங்கள். ஏறும் முன் அலகால் விரலைத் தொட்டுப் பிடித்துப் பார்க்கும். கிளை தாங்குமா என்ற சோதனை அது. பலர் கடிக்க வருகிறது என்று அந்த நொடியில் கையை இழுத்து, அதுவரை சேர்த்ததையெல்லாம் கொட்டிவிடுவார்கள். மகனிடம் இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

அறைக்குள் நுழையும் முன் எப்போதும் ஒரே மாதிரி ஒரு சின்ன விசில் அடியுங்கள். கிளிகள் கண்ணுக்கு மறைந்திருக்கும் துணையோடு குரலால்தான் தொடர்பு வைத்திருக்கும். வெனிசுவேலாவின் ஒரு சிறுகிளி இனத்தில் பெற்றோரே ஒவ்வொரு குஞ்சுக்கும் தனித்தனி அழைப்பொலியைக் கற்றுத்தருவதாக 2011-இல் ஓர் ஆய்வு வெளியானது. ஒருநாள் நீங்கள் அடுத்த அறையில் இருக்கும்போது அந்த விசில் திரும்பி வரலாம். வந்தால் கையில் இருக்கும் வேலை எதுவானாலும் பதில் விசில் அடித்துவிடுங்கள்.

இறக்கை வெட்டும் யோசனை வேண்டாம். பயந்த பறவைக்குப் பறந்து விலகுவது ஒரு வழி, கடிப்பது இன்னொரு வழி. முதல் வழியை அடைத்தால் என்ன மிஞ்சும் என்பதை உங்கள் மகன் விரல் ஏற்கெனவே பார்த்துவிட்டது. வெளியே விடும் காலத்தில் மின்விசிறியை நிறுத்தி, ஜன்னல்களைச் சாத்தினால் போதும். இரவில் பத்துப் பன்னிரண்டு மணிநேரத் தூக்கம் கொடுங்கள், ஒரு மங்கலான விளக்கு எரியட்டும். இந்த இனம் கும்மிருட்டில் திடீரென்று மிரண்டு கூண்டில் மோதிக்கொள்ளும்.

கெடுத்துவிட்டோமா என்று கேட்டிருந்தீர்கள். பன்னிரண்டு நாளில் கெட்டதைச் சரிசெய்ய அதைவிட அதிக நாள் ஆகும், அவ்வளவுதான். சில பறவைகளுக்கு மூன்று வாரம், என்னுடையதுக்கு எட்டு மாதம். உங்களுடையது குஞ்சு, அவ்வளவு ஆகாது என்றே நினைக்கிறேன். துண்டை அது பார்க்காத இடத்தில் வையுங்கள். இரண்டு வாரம் கழித்து, கொண்டை நிமிரும் இடம் கதவிலிருந்து எத்தனை அடி நகர்ந்தது என்று மட்டும் எழுதுங்கள்.

அன்புடன்