ஒரே கை, ஐந்து விலை: பேஸ்பால் பிட்சரின் சம்பளத்தை எப்படிப் படிப்பது?

கேள்வி: விஸ்கான்சினில் வசிக்கிறோம். என் மகள் மில்வாக்கி ப்ரூவர்ஸ் அணியின் தீவிர ரசிகை. நவம்பர் வந்துவிட்டால் அவளுக்கும் அவள் தோழிகளுக்கும் ஒரே வாக்குவாதம்தான். சொந்த அணியில் நன்றாக ஆடுகிற பிட்சருக்கு (பந்து வீசுபவருக்கு) 10 மில்லியன் டாலர் கொடுக்கவே யோசிக்கிறார்கள். அதே ஆள் வெளியே போனதும் 35 மில்லியன் வாங்குகிறார். பிட்சர் கார்பின் பர்ன்ஸை ஏன் விட்டார்கள் என்று இன்னமும் என்னைக் கேட்கிறாள். ஆர்பிட்ரேஷன் என்பது என்ன? ஒரு பிட்சரின் ஒப்பந்தம் நல்லதா இல்லையா என்று எதை வைத்துச் சொல்வது?

பதில்: ஐபிஎல் ஏலம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது புதிராகத்தான் இருக்கும். ஏலத்தில் இந்த வருடத் திறமைக்கு இந்த வருட விலை. பேஸ்பாலில் ஒருவர் எவ்வளவு நன்றாக வீசுகிறார் என்பதற்கு முன்னால், உச்ச நிலையான மேஜர் லீகில் எத்தனை நாள் இருந்திருக்கிறார் என்று பார்க்கிறார்கள். இதற்கு சர்வீஸ் டைம் என்று பெயர். 172 நாள் இருந்தால் ஒரு வருடம். வீரரின் பெயருக்குப் பக்கத்தில் 4.101 என்று போட்டிருந்தால் அதைத் தசமமாகப் படிக்காதீர்கள். 4 வருடம் 101 நாள் என்று பொருள். உங்கள் மகள் எந்த வாதத்தைத் தொடங்கினாலும் முதலில் இந்த எண்ணைத் தேடி எடுக்கச் சொல்லுங்கள்.

முதல் மூன்று வருடம் அணி சொன்னதுதான் சம்பளம். 2026இல் குறைந்தபட்சம் 7,80,000 டாலர். பெரும்பாலானவர்கள் அதை ஒட்டித்தான் வாங்குவார்கள். மூன்று வருடம் முடிந்து ஆறு வருடம் ஆகும்வரை ஆர்பிட்ரேஷன், அதாவது அணியோடு பேசிச் சம்பளம் முடிவாகாவிட்டால் நடுவர்கள் முடிவு செய்வது. ஆறு முடிந்தால் ஃப்ரீ ஏஜென்ட், யாருடன் வேண்டுமானாலும் பேசலாம். (இரண்டு வருடம் தாண்டி மூன்றைத் தொடாதவர்களில் சர்வீஸ் அதிகமுள்ள முதல் 22 சதவீதத்தினர் ஒரு வருடம் முன்னதாகவே ஆர்பிட்ரேஷனுக்கு வந்துவிடுவார்கள். அவர்களை ‘சூப்பர் டூ’ என்பார்கள்.)

இதை பர்ன்ஸின் கையை வைத்தே பார்த்துவிடலாம். 2021இல் அவருடைய இ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் பொறுப்பில் போன ரன்களின் சராசரி, குறைந்தால் நல்லது) 2.43, 167 இன்னிங்ஸில் 234 ஸ்ட்ரைக்அவுட் (பேட்டரை மூன்று ஸ்ட்ரைக்கில் வெளியேற்றுவது). நேஷனல் லீகின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதும் அவருக்கே. ஆனால் அந்த வருடம் அவர் வாங்கியது குறைந்தபட்சத்தை ஒட்டிய தொகைதான். 2022இல் ஆர்பிட்ரேஷன் தகுதி வந்ததும் 6.5 மில்லியன். 2023இல் 10.01 மில்லியன். 2024இல் பால்டிமோர் ஓரியோல்ஸில் 15.6 மில்லியன். அப்புறம் ஃப்ரீ ஏஜென்டாகி அரிசோனா டயமண்ட்பேக்ஸோடு ஆறு வருடத்துக்கு 210 மில்லியன், அதாவது வருடத்துக்கு 35. அதே கை, அதே பந்து. மாறியது சர்வீஸ் மட்டும்தான்.

ரசிகர்களிடையே 40-60-80 என்று ஒரு கணக்கு உலவுகிறது. ஆர்பிட்ரேஷனின் மூன்று வருடங்களில் சந்தை விலையில் முறையே 40, 60, 80 சதவீதம் கிடைக்கும் என்பார்கள். முன்னணி ஸ்டார்ட்டிங் பிட்சருக்கு (ஆட்டத்தைத் தொடங்கி வீசுபவருக்கு) இதை நம்பிவிடாதீர்கள். பர்ன்ஸ் மூன்றாம் வருடத்தில்கூட 35இல் பாதியைத் தொடவில்லை.

காரணம், ஆர்பிட்ரேஷன் சந்தை விலையைத் தேடுவதில்லை. ஏறக்குறைய அதே சர்வீஸ் உள்ள மற்றவர்கள் என்ன வாங்கினார்கள் என்பதைத்தான் முதன்மையாகப் பார்க்கிறது. ஐந்து வருடம் தாண்டியவர்கள்தான் ஃப்ரீ ஏஜென்டுகளோடு தாராளமாகத் தங்களை ஒப்பிட்டுக்கொள்ள முடியும். டெட்ராய்ட்டில் டேவிட் பிரைஸ் 2015இல் வாங்கிய 19.75 மில்லியனைப் பத்து வருடம் எந்தப் பிட்சராலும் தாண்ட முடியவில்லை என்பதிலிருந்தே, பழைய விலை புதிய விலையை எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

நடக்கும் முறையைச் சொல்கிறேன். நவம்பரில், ஒவ்வொரு ஆர்பிட்ரேஷன் வீரருக்கும் அடுத்த வருட ஒப்பந்தம் உண்டா இல்லையா என்று அணி சொல்லியாக வேண்டும். ஜனவரியில், பேச்சு முடியாதவர்கள் விஷயத்தில் அணி ஒரு தொகையும் வீரர் ஒரு தொகையும் எழுதிக் கொடுப்பார்கள். அதற்குப் பிறகும் சமரசம் இல்லையென்றால் விசாரணை. மூன்று நடுவர்கள். இரண்டு தொகைகளில் ஒன்றைத்தான் அவர்கள் தேர்ந்தெடுக்க முடியும். நடுவில் ஒரு தொகையைச் சொல்லும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. அதனால்தான் இரண்டு தரப்பும் வாய்க்கு வந்த தொகையைக் கேட்பதில்லை. ஏன் இந்தத் தொகை என்று நடுவர்கள் விளக்கமும் தருவதில்லை.

அந்த அறையை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு தரப்புக்கும் ஒரு மணி நேரம், பிறகு மறுப்புக்கு அரை மணி நேரம். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பது தனக்குச் சம்பளம் தரும் சொந்த அணி. தான் ஏன் அவ்வளவு மதிப்பில்லாதவன் என்று அவர்கள் பட்டியல் போட்டுக் காட்டுவதை வீரர் அங்கேயே உட்கார்ந்து கேட்கிறார். கடந்த வருட ஆட்டம், தொடர்ச்சி, உடல் குறைபாடு, அணி எத்தனையாவது இடத்தில் முடித்தது, இவற்றையெல்லாம் பேசலாம். அணியிடம் பணம் இருக்கிறதா இல்லையா என்பதைப் பேசக்கூடாது.

2023 பிப்ரவரியில் பர்ன்ஸ் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். அவர் கேட்டது 10.75 மில்லியன். அணி சொன்னது 10.01. வித்தியாசம் 7,40,000 டாலர். அந்த வருடம் புதுமுகம் ஒருவருக்குக் கொடுக்க வேண்டிய குறைந்தபட்சச் சம்பளம் 7,20,000. அணி ஜெயித்தது. 2022இல் அணி பிளேஆஃபுக்குப் போகாததற்குத் தன்னைக் காரணம் காட்டினார்கள் என்று பர்ன்ஸ் வெளிப்படையாகச் சொன்னார், உறவு புண்பட்டது என்றும் சொன்னார். அந்த 2022இல் அவர் 202 இன்னிங்ஸ் வீசி 243 ஸ்ட்ரைக்அவுட் எடுத்தவர். அணி பிளேஆஃபைத் தவறவிட்டது ஒரே ஒரு ஆட்ட வித்தியாசத்தில். நடுவில் குளோஸர் (ஆட்டத்தின் கடைசியில் வந்து வெற்றியைக் காப்பவர்) ஜாஷ் ஹேடரைக் கைமாற்றிக் கொடுத்ததும் அதே நிர்வாகம்தான்.

அணியின் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது. இந்த வருடத் தொகைதான் அடுத்த வருடப் பேச்சுக்கு அடித்தளம். ஒருவருக்கு விட்டுக்கொடுத்தால் அதை எடுத்துக்காட்டி அடுத்தவர் கேட்பார். இதெல்லாம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் ஒரு சை யங் பிட்சரிடம் இந்தத் தொகைக்காக அந்த அறைவரை போயிருக்கக் கூடாது என்றுதான் நினைக்கிறேன். 2024 பிப்ரவரியில் அவரை ஓரியோல்ஸுக்குக் கொடுத்து ஜோயி ஓர்டிஸையும் டி.எல். ஹாலையும் புது வீரரைத் தேர்ந்தெடுக்கும் ஒரு டிராஃப்ட் வாய்ப்பையும் வாங்கியது சரியான முடிவு. இன்னும் ஒரு வருடத்தில் அவர் எப்படியும் போயிருப்பார், அவரைப் பிடித்துவைக்கும் அளவுக்கு மில்வாக்கியிடம் பணமில்லை. மகளிடம் இந்த இரண்டையும் தனித்தனியாகச் சொல்லுங்கள்.

வெளிச்சந்தை ஒப்பந்தத்தை எடைபோட வேறு கண் வேண்டும். மொத்தத் தொகையைப் பார்த்து மலைக்காதீர்கள், எத்தனை வருடம் என்று பாருங்கள். பிட்சரின் முழங்கையும் தோளும் எப்போது வேண்டுமானாலும் கைவிடலாம். ஸ்டீவன் ஸ்ட்ராஸ்பர்க் இறுதித் தொடரான 2019 வேர்ல்டு சீரிஸின் சிறந்த வீரர். அந்த டிசம்பரில் வாஷிங்டன் அவருக்கு ஏழு வருடம், 245 மில்லியன் கொடுத்தது. அதன் பிறகு அவர் வீசியது வெறும் எட்டு ஆட்டம். ஜேக்கப் டிகிராம் டெக்சஸுக்கு ஐந்து வருடம், 185 மில்லியனுக்குப் போனார். முதல் வருடம் ஆறு ஆட்டத்தோடு முழங்கை அறுவை சிகிச்சை. ஆனால் 2025இல் அதே ஆள் 30 ஆட்டம் தொடங்கினார். பர்ன்ஸுக்கும் 2025 ஜூனில் டாமி ஜான் எனப்படும் முழங்கை அறுவை சிகிச்சை ஆயிற்று, 11 ஆட்டம்தான் வீசியிருந்தார்.

அதனால் கடைசி மூன்று வருடங்களில் ஒவ்வொன்றிலும் எத்தனை இன்னிங்ஸ் வீசினார், ஒப்பந்தம் முடியும்போது வயது என்ன, நடுவில் விலகிக்கொள்ளும் உரிமை யாரிடம் இருக்கிறது என்ற மூன்றைப் பாருங்கள். ஜப்பானியப் பிட்சர் யமமோட்டோவுக்கு டாட்ஜர்ஸ் 12 வருடம், 325 மில்லியன் கொடுக்கத் துணிந்ததற்கு ஒரு முக்கியக் காரணம் அப்போது அவருக்கு வயது 25 என்பது. குறுகிய ஒப்பந்தத்தை ரசிகர்கள் தோல்வியாக நினைக்கிறார்கள். பிளேக் ஸ்னெல் 2024 மார்ச் வரை காத்திருந்து ஜயன்ட்ஸோடு இரண்டு வருடம், 62 மில்லியனுக்குச் சேர்ந்தார். அந்த நவம்பரிலேயே விலகி டாட்ஜர்ஸிடம் ஐந்து வருடம், 182 மில்லியன் வாங்கினார்.

இந்த எல்லாப் பாதையையும் உங்கள் அணியிலேயே ஒரே ஆளிடம் பார்க்கலாம். பிராண்டன் வுட்ரஃப் தோள் அறுவை சிகிச்சை செய்துகொண்டதால் 2023 நவம்பரில் மில்வாக்கி அவருக்கு ஆர்பிட்ரேஷன் ஒப்பந்தம் தராமல் விட்டது. சில மாதத்தில் இரண்டு வருடம், 17.5 மில்லியனுக்கு அவரே திரும்பி வந்தார். 2025இல் நன்றாக வீசியதும், அணி வைத்த 22.025 மில்லியன் குவாலிஃபையிங் ஆஃபரை (ஃப்ரீ ஏஜென்டாகப் போகிறவருக்கு அணி வைக்கும், தொகை முன்பே நிர்ணயமான ஒரு வருட ஒப்பந்தம்) ஏற்றுக்கொண்டு இன்னொரு வருடம் அங்கேயே தங்கிவிட்டார்.

லீகுக்கும் வீரர்களுக்கும் இடையிலான இப்போதைய தொழிலாளர் ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1 அன்று முடிகிறது. அதற்குப் பிறகு இந்த விதிகள் மாறலாம், எனவே அந்தக் குளிர்காலத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். அதுவரை ஒரு பயிற்சி. ஜனவரியில் இரண்டு தரப்புத் தொகைகளும் வெளியாகும் முன்னால், ஒரு ஆர்பிட்ரேஷன் பிட்சரைத் தேர்ந்தெடுங்கள். அதே சர்வீஸில் அவரைப் போலவே வெற்றி, இன்னிங்ஸ், இ.ஆர்.ஏ. வைத்திருந்த இரண்டு பேரை மகள் தேடட்டும். நடுவர்கள் தொழிலாளர் சட்டம் அறிந்தவர்கள், அவர்களிடம் இன்றும் எடுபடுவது இந்தப் பழைய எண்கள்தான். ரிலீவராக (நடுவில் மாற்றாக வந்து வீசுபவராக) இருந்தால் சேவ் (கடைசியில் வந்து வெற்றியைக் காத்த ஆட்டங்கள்) எண்ணிக்கையும். ரிலீவர் டெலின் பெட்டான்சஸ் 2017இல் 5 மில்லியன் கேட்டு 3 மில்லியனோடு திரும்பியது, அவர் குளோஸர் இல்லை என்ற வாதத்தால்தான். ஆளுக்கொரு தொகையை எழுதி மடித்து வையுங்கள், எண்கள் வந்த அன்று பிரித்துப் பாருங்கள்.