ஓவரால் 7.5 வாங்கியும் 45 புள்ளி எங்கே போனது?

வணக்கம் அம்மா,

உங்கள் மகளின் ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு ரிசல்ட்டைப் பார்த்தேன். கேட்டல் 8, வாசிப்பு 7.5, எழுத்து 6.5, பேச்சு 7, ஓவரால் 7.5. "இவ்வளவு வாங்கியும் கனடா பி.ஆருக்கு (நிரந்தர வசிப்புரிமைக்கு) இன்னொரு தடவை எழுதச் சொல்கிறார்களே, பணம் பிடுங்கப் பார்க்கிறார்களா?" என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் சந்தேகம் நியாயமானதுதான். ஆனால் இந்த விஷயத்தில் இன்னொரு தடவை எழுதச் சொன்னது சரி. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் அந்த 7.5 எப்படி வந்தது என்று பாருங்கள். நான்கையும் கூட்டினால் 29. நான்கால் வகுத்தால் 7.25. பேண்டு என்பது இந்தத் தேர்வின் மதிப்பெண். சராசரி கால் பேண்டில் வந்து நின்றால் மேலே இருக்கும் அரைக்கு ஏற்றிவிடுவது ஐஇஎல்டிஎஸ் விதி, அதனால் 7.5 ஆனது. கல்லூரி சேர்க்கைக்கு அந்த ஓவரால் முக்கியம். பி.ஆருக்குப் புள்ளி போட்டு ஆள் எடுக்கும் கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில் அதை யாரும் பார்ப்பதே இல்லை. நான்கு திறனையும் தனித்தனியாக எடுத்து, சிஎல்பி என்ற கனடாவின் மொழித்திறன் அளவுகோலுக்கு மாற்றுவார்கள். சிஎல்பி 9 கிடைக்க கேட்டலில் 8, மற்ற மூன்றிலும் 7 வேண்டும். மகள் மூன்றில் தாண்டிவிட்டார். எழுத்தில் 6.5 என்பதால் அது மட்டும் சிஎல்பி 8.

அரை பேண்டுதானே என்று தோன்றும். கணக்கைப் பாருங்கள். அவர் திருமணமாகாதவர், இளங்கலைப் பட்டம், வெளிநாட்டு அனுபவம் (கனடாவுக்கு வெளியே பார்த்த வேலை) என்ற கணக்கில் வருவது மூன்று வருடத்துக்கு மேல். எழுத்து சிஎல்பி 8-ல் இருந்தால் 23 புள்ளி, 9-க்குப் போனால் 31. அதில் 8 கூடுகிறது. அதோடு நிற்காது. நான்கு திறனும் சிஎல்பி 9-ஐத் தொட்டால்தான் படிப்புக்கும் அனுபவத்துக்கும் தரும் கூடுதல் புள்ளி முழுதாக வரும். படிப்போடு சேர்த்துக் கொடுப்பது 13-லிருந்து 25 ஆகும், அனுபவத்தோடு சேர்த்துக் கொடுப்பது 25-லிருந்து 50 ஆகும். எல்லாம் சேர்த்தால் 45 புள்ளி. வயதுக்கோ படிப்புக்கோ இனிமேல் இவ்வளவு புள்ளியை இத்தனை சீக்கிரம் சேர்க்க முடியாது. எழுத்தில் அரை பேண்டால் முடியும். அதனால்தான் இதை விட்டுவிட வேண்டாம் என்கிறேன்.

ஐஇஎல்டிஎஸ்ஸில் அகாடமிக், ஜெனரல் டிரெய்னிங் என்று இரண்டு வகை உண்டு. அவர் எழுதியது ஜெனரல் டிரெய்னிங் தேர்வு என்பது நல்ல விஷயம். நன்றாகப் படிக்கும் ஒரு பையன், பெயரைப் பார்த்து அகாடமிக்தான் உயர்ந்தது என்று நினைத்து அதை எழுதிவிட்டு, நல்ல பேண்டோடு என்னிடம் வந்தான். கனடா பி.ஆருக்கு அது செல்லாது என்று சொன்னபோது அவன் முகம் போன போக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. இதே தேர்வு நாட்டுக்கு நாடு வேறு விதமாகப் பார்க்கப்படும். ஆஸ்திரேலியாவில் திறன் விசாவுக்கு அகாடமிக்கும் செல்லும், ஜெனரலும் செல்லும். நான்கிலும் 7 எடுத்தால் 10 புள்ளி, நான்கிலும் 8 எடுத்தால் 20. பிரிட்டன் வேலை விசாவுக்கு யுகேவிஐ என்று தனியாகப் பெயரிட்டு நடத்தும் தேர்வுதான் வேண்டும். அங்கே கேட்கும் மொழித் தரத்தையும் 2026 ஜனவரி 8 முதல் பி1 என்ற நிலையிலிருந்து அதற்கு மேலான பி2 ஆக உயர்த்திவிட்டார்கள். அதனால் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் போன வருடம் நடந்ததை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அந்தந்த நாட்டுக் குடிவரவுத் துறையின் தளத்தில் அன்றைய விதியைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

சரி, இப்போது என்ன செய்யலாம்? எழுத்தை மட்டும் திரும்ப எழுதும் வசதி உண்டு என்று யாரோ சொன்னதாக எழுதியிருந்தீர்கள். ஐஇஎல்டிஎஸ்ஸில் அப்படி ஒன்று இருப்பது உண்மை. ஆனால் கனடா குடிவரவுத் துறை அதை ஏற்பதில்லை. நான்கு ஸ்கோரும் ஒரே தேர்வில் வந்ததாக இருக்க வேண்டும். மறுமதிப்பீடு கேட்கலாம். தேர்வு நாளிலிருந்து 6 வாரத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும், ஸ்கோர் மாறினால் கட்டிய பணம் திரும்ப வரும். அரை பேண்டு குறைவாக நிற்கும் எழுத்துக்கு இதைக் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் அது வரும் என்று நம்பிக்கொண்டு படிப்பை நிறுத்த வேண்டாம்.

முழுத் தேர்வையும் மறுபடி எழுதும்போது ஒரு ஆபத்து உண்டு. இதை அவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். கேட்டலில் 8 என்பது சரியாக விளிம்பு. 40 கேள்வியில் 35 வாக்கில் சரியாக இருந்தால்தான் அது வரும். ஒன்றிரண்டு விடை எழுத்துப்பிழையில் போனாலே 7.5 ஆகிவிடலாம், 7.5 என்றால் சிஎல்பி 8. எழுத்தைத் தூக்கப் போய் கேட்டலைக் கீழே போட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் தினமும் அரை மணி நேரமாவது கேட்டல் பயிற்சி இருக்கட்டும். அப்படியே இறங்கினாலும் பயப்பட ஒன்றுமில்லை, பழைய ரிசல்ட் செல்லுபடியாகும் வரை அதையே காட்டலாம்.

எழுத்துக்கு வருவோம். மகள் அனுப்பிய மாதிரிக் கட்டுரை இரண்டையும் படித்தேன். அவருக்கு ஆங்கிலம் தெரியும், அதில் சந்தேகமே இல்லை. சிக்கல் வேறு இடத்தில். இரண்டு கட்டுரையும் "இன்றைய வேகமான உலகில்" என்ற பொருளில் ஒரே மனப்பாட வரியோடு தொடங்குகின்றன. திருத்துபவர்கள் அந்த வரியை நாள் முழுக்கப் பார்க்கிறவர்கள், அதற்கு மதிப்பு கிடைக்காது. கேள்வி "எந்த அளவுக்கு ஒத்துக்கொள்கிறீர்கள்" என்று கேட்கிறது. இவர் நன்மை ஒரு பத்தி, தீமை ஒரு பத்தி எழுதிவிட்டு, தன் கருத்தைக் கடைசி வரியில்தான் சொல்கிறார். முதல் பத்தியிலேயே தன் பக்கத்தைச் சொல்லி, கடைசி வரை அதிலேயே நிற்க வேண்டும்.

அப்புறம், தமிழிலிருந்து வரும் ஒரு பழக்கம். நாம் "பத்து மாடு", "நாலு புத்தகம்" என்று சொல்லிப் பழகியவர்கள். எண் சொல்லிவிட்டால் "கள்" தேவையில்லை. ஆங்கிலத்தில் அந்த "எஸ்" விழுந்தால் பிழை. அதேபோல "ஏ", "தி" என்ற சொற்களுக்குத் தமிழில் இணை கிடையாது, அதனால் அவை காணாமல் போவது நம் கண்ணுக்கே தெரியாது. ஒரு பக்கத்தில் மட்டும் இப்படிப் பதினொரு இடத்தில் வட்டம் போட்டேன். கடைசி ஐந்து நிமிடத்தை இவற்றைத் தேட மட்டும் ஒதுக்கச் சொல்லுங்கள்.

எழுத்துத் தேர்வு மொத்தம் 60 நிமிடம். கடிதத்துக்கு 150 வார்த்தை, கட்டுரைக்கு 250. கட்டுரைக்கு இரண்டு மடங்கு மதிப்பு. ஆனால் இவர் கடிதத்தை அழகுபடுத்துவதில் அரை மணி நேரம் செலவழிக்கிறார். கடிதம் 20 நிமிடத்தில் முடிய வேண்டும். கேள்வியில் கொடுத்த மூன்று குறிப்பையும் தொட்டாரா, நண்பருக்கு எழுதுவதும் மேலாளருக்கு எழுதுவதும் வேறு தொனியில் இருக்கிறதா, இவ்வளவு சரியாக இருந்தால் போதும்.

செல்பிப், பிடிஇ கோர் என்ற வேறு ஆங்கிலத் தேர்வுகளுக்கு மாறலாமா என்ற கேள்விக்கு: இரண்டையும் கனடா ஏற்கிறது, பிடிஇ கோரை 2024 ஜனவரி 30 முதல். இரண்டிலும் பேச்சு கணினி முன்னால்தான். எதிரே ஒருவர் இருந்தால் நன்றாகப் பேசும் உங்கள் மகளுக்கு ஐஇஎல்டிஎஸ்ஸே பொருந்தும் என்பது என் கருத்து.

ரிசல்ட் 2 வருடம்தான் செல்லும். எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் புரொஃபைல் போடும் நாளிலும், பி.ஆருக்கு விண்ணப்பிக்க அழைப்பு வந்து 60 நாளுக்குள் பி.ஆர். விண்ணப்பம் போடும் நாளிலும் அது உயிரோடு இருக்க வேண்டும். தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

தேர்வு எழுதாமலே சான்றிதழ் வாங்கித் தருவதாக ஒருவர் போன் செய்ததாகச் சொன்னீர்களே, அந்த நம்பரை இப்போதே பிளாக் செய்யுங்கள் அம்மா. ரிசல்ட்டை அதிகாரிகள் நேரடியாகச் சரிபார்க்கிறார்கள். பொய் என்று தெரிந்தால் 5 வருடம் கனடா பக்கமே விண்ணப்பிக்க முடியாது.

அடுத்த தேர்வுக்கு இப்போதே தேதி போட வேண்டாம். ஆறு வாரம் கழித்துப் பார்ப்போம். அதுவரை வாரம் இரண்டு கட்டுரை, கடிகாரம் வைத்து எழுதி, ஞாயிறு இரவுக்குள் எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். திருத்தி அனுப்புகிறேன்.