மரபியல் படித்துவிட்டுப் பள்ளி ஆசிரியையா?

உங்கள் கடிதத்தில் கவலையைவிட ஏமாற்றமே தூக்கலாகத் தெரிகிறது. மகள் மரபியலில் முதுகலை படிக்கிறாள். ஆராய்ச்சிக்குப் போவாள் என்று காத்திருந்தீர்கள். அவளோ உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் கற்பிக்கப் போகிறேன் என்கிறாள். படித்த படிப்பு வீணாகிவிடுமே என்று கேட்கிறீர்கள். வீணாகாது. என் கவலை வேறு: ஆய்வகத்தில் கை நனைக்காமலேயே அவள் வகுப்பறைக்குள் நுழைந்துவிடக் கூடாது.

காரணம் இருக்கிறது. நாக்கைக் குழல்போல் சுருட்டுவது ஒரே ஒரு மரபணுவின் வேலை என்று இன்றும் பல வகுப்புகளில் சொல்லித் தருகிறார்கள். 1940-இல் மரபியலாளர் ஆல்ஃபிரட் ஸ்டர்டெவன்ட் முன்வைத்த கருத்து அது. ஒத்த இரட்டையரிலேயே ஒருவரால் சுருட்ட முடிகிறது, மற்றவரால் முடியவில்லை என்று 1952-இல் தெரிந்ததும் கணக்கு உடைந்தது. அது இன்னும் பாடமாக ஓடுவதைப் பார்த்து ஸ்டர்டெவன்டே பிற்காலத்தில் சங்கடப்பட்டார். பெற்றோர் இருவராலும் முடியாததைச் செய்துகாட்டும் ஒரு பிள்ளை, அந்தப் பாடத்தை நம்பி வீட்டுக்குப் போய் ‘நான் உங்கள் பிள்ளைதானா?’ என்று கேட்பதை நினைத்துப் பாருங்கள்.

ஆய்வகம் வேறு பாடம் நடத்தும். மரபியல் சோதனைகளுக்கு வளர்க்கும் பழ ஈ முட்டையிலிருந்து முழு வளர்ச்சி அடைய 25 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ 10 நாட்கள். கலப்புக்கு இன்னும் இணை சேராத பெண் ஈக்கள் வேண்டும். கூட்டிலிருந்து வெளிவந்த சுமார் 8 மணி நேரத்துக்குள் பிரித்தெடுக்காவிட்டால் முழு முயற்சியும் குழம்பிவிடும். மயங்கிக் கிடக்கும் ஈக்களை நுண்ணோக்கியின் கீழ் தூரிகை நுனியால் புரட்டிப் புரட்டி எண்ணினால், ஒரு பண்பு மூன்று பங்கு, மற்றது ஒரு பங்கு என்று பாடநூல் சொல்லும் 3:1 விகிதம் அச்சாக வராது. பட்டாணிச் செடிகளைக் கலந்து அந்த விகிதத்தைக் கண்ட மெண்டலுக்கே 5,474 உருண்டைப் பட்டாணியும் 1,850 சுருங்கிய பட்டாணியும்தான் கிடைத்தன; விகிதம் 2.96. எண்ணிப் பார்த்தவள், மாணவர் கொண்டுவரும் 2.7-ஐத் தப்பென்று அடிக்க மாட்டாள். எத்தனை ஈக்களை எண்ணினாய் என்று கேட்பாள்.

சம்பளத்தைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. ஆராய்ச்சி மாணவரின் உதவித்தொகையும் பணக்காரர் ஆக்காது.

இன்னொன்று, இந்தத் துறை நிற்காமல் ஓடுகிறது. கிரிஸ்பர் என்னும் மரபணுத் திருத்தக் கருவி கொண்டு டிஎன்ஏ-வை விரும்பிய இடத்தில் வெட்டலாம் என்று 2012-இல் காட்டினார்கள். 2020-இல் அதற்கு நோபல் பரிசு. 2023-இல் அரிவாள் செல் நோய் என்னும் பரம்பரை இரத்த நோய்க்கு அதை வைத்தே உருவான சிகிச்சைக்கு அனுமதி. பட்டம் வாங்கிய நாளோடு படிப்பை மூடிவைக்கும் ஆசிரியை சில ஆண்டுகளில் பின்தங்கிவிடுவார். அமெரிக்காவில் கோல்ட் ஸ்ப்ரிங் ஹார்பர் ஆய்வகத்தின் டிஎன்ஏ கற்றல் மையம் 1980-களிலிருந்தே பள்ளி ஆசிரியர்களுக்கு ஆய்வகப் பயிற்சி தருவது இதற்காகத்தான். சேரப்போகும் பள்ளி இத்தகைய பயிற்சிகளுக்கு விடுப்புத் தருமா என்பதை நேர்முகத் தேர்விலேயே அவள் கேட்கலாம், தவறில்லை.

இப்போதைக்கு, ஆசிரியர் பயிற்சியில் சேரும் முன் சில மாதங்கள் ஓர் ஆய்வகத்தில் இருக்கட்டும். கண்ணாடிக் குழாய் கழுவுவதோடு நின்றுவிடாமல், தனக்கென்று சிறிய கேள்வி ஒன்றைக் கேட்டுப் பெறட்டும். டிஎன்ஏ துண்டைப் பல படிகளாகப் பெருக்கும் பிசிஆர் வினையை ஒருமுறையாவது தானே அமைத்து, துண்டுகளை அளவுவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் ஓட்டி, டிஎன்ஏ இருப்பதைக் காட்டும் பட்டை தெரியாமல் போனால் ஏன் என்று ஆய்வகக் குறிப்பேட்டில் எழுதட்டும். பேராசிரியர்களுக்கு அனுப்பும் கடிதத்தில், பள்ளி ஆசிரியை ஆகப் போகிறேன் என்பதை மறைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அதைக் கேட்டு முகம் சுளிக்கும் ஆய்வகம் அவளுக்கு வேண்டாம்.